தலை தேயாமல் ஸ்க்ரூ கழற்றுவது எப்படி?

முதன்முதலாக நான் கழற்றிப் பார்த்தது ஒரு வயர்லெஸ் மவுஸ். கையில் கிடைத்தது லைன் டெஸ்டர்தான். அதன் தட்டையான நுனியை ஸ்டார் ஸ்க்ரூவில் கோணலாக வைத்துத் திருகினேன். நாலு தடவை வழுக்கியதும் ஸ்க்ரூவின் தலை வெறும் வட்டக் குழியாகிவிட்டது. உள்ளே பழுதாகியிருந்த சுவிட்சை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. ஸ்க்ரூவை வெளியே எடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது.

படி 1: தலையைப் பாருங்கள்

டார்ச் அடித்து, மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கூட்டல் குறி போல இருந்தால் அது பிலிப்ஸ். 1936-இல் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்ற வடிவம் இது. நம் பேச்சில் இதற்குத்தான் 'ஸ்டார்' என்று பெயர். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் நிஜமாகவே நட்சத்திரம் மாதிரி ஆறு முனையோடு இருப்பது டார்க்ஸ். 'ஸ்டார் செட் கொடுங்க' என்று கேட்டால் எது வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். டார்க்ஸின் நடுவே சின்னக் குச்சி ஒன்று நின்றால், நுனியில் துளை உள்ள பிட் (ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனை) வேண்டும். ஐபோனில் சார்ஜர் செருகும் இடத்துக்கு இருபுறமும் இருப்பது ஐந்து இதழ் கொண்ட பென்டலோப். மூன்று கை விரிந்த வடிவத்தை நின்டெண்டோ விளையாட்டுக் கருவிகளில் பார்க்கலாம்.

படி 2: சரியான அளவு

பிலிப்ஸில் பூஜ்யம் கூடக் கூட நுனி சின்னதாகும். பிஎச் 000 பெரும்பாலும் மொபைலுக்கு, பிஎச் 00, பிஎச் 0 லேப்டாப்புக்கு, பிஎச் 1 கொஞ்சம் பெரிய சாதனங்களுக்கு. டார்க்ஸில் எண் கூடக் கூட நுனி பெரிதாகும்: டி3 சின்னது, டி8 பெரியது.

எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரிய பிட்டில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சின்னதுக்கு இறங்குங்கள். பள்ளத்துக்குள் முழுசாக இறங்கி, லேசாக ஆட்டினாலும் ஆடாமல் எது நிற்கிறதோ அதுதான் உங்கள் பிட். சின்னதிலிருந்து தொடங்கினால், 'சரி, உள்ளே போய்விட்டதே' என்று தொளதொளப்பான பிட்டோடு திருப்தியாகிவிடுவோம். தலை தேய்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பது என் கணக்கு.

வாங்குவதாக இருந்தால் 4 மி.மீ. பிட்டுகள் உள்ள செட் ஒன்று போதும். பிட் எஸ்2 என்ற உறுதியான எஃகில் இருந்தால் நல்லது. நூறு பிட் அடுக்கிய பெட்டி கண்ணுக்கு அழகு, ஆனால் பாதியைத் தொடவே மாட்டீர்கள். அதைவிட, கைப்பிடியின் மேல்மூடி தனியாகச் சுழல்கிறதா, நுனியில் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: மின்சாரத்தைத் துண்டியுங்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியை எடுங்கள். பேட்டரி உள்ளேயே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைக் கழற்றுவது. மைக்ரோவேவ் அவன், கேமரா ஃபிளாஷ் இரண்டையும் ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பேட்டரியை எடுத்த பிறகும் அவற்றின் கெபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) ஆபத்தான மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

படி 4: அழுத்திவிட்டுத் திருப்புங்கள்

ஸ்க்ரூடிரைவரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஆள்காட்டி விரல் மேல்மூடியில் அழுத்தட்டும், கட்டைவிரலும் நடுவிரலும் தண்டை இடப்பக்கமாகத் திருப்பட்டும். முதல் கால் சுற்றுதான் கஷ்டம். இறுகிய ஸ்க்ரூ 'டிக்' என்று விடும், அதுவரை அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். பிலிப்ஸ் பள்ளத்தின் பக்கங்கள் சரிவாக இருப்பதால், திருப்பும் விசையே பிட்டை மேலே தள்ளும். ஒருமுறை வழுக்கினால் நிறுத்திவிட்டு அளவை மறுபடி பாருங்கள்.

எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லையா? நெம்பாதீர்கள். அடியில் உள்ள ரப்பர் கால்களுக்குக் கீழேயோ ஸ்டிக்கருக்கு அடியிலேயோ ஒன்று ஒளிந்திருக்கும். ஸ்டிக்கரை விரலால் தடவினால் குழி தட்டுப்படும்.

படி 5: ஸ்க்ரூவுக்கு ஒரு வரைபடம்

ஒரு தாளில் சாதனத்தின் உருவத்தைக் கிறுக்கி, எடுத்த இடத்திலேயே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் டேப் போட்டு ஒட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். மொபைலில், நீளமான ஸ்க்ரூ குட்டையானதன் துளைக்குள் போனால் அடியில் உள்ள போர்டையே துளைத்துவிடும்.

படி 6: திரும்ப மாட்டுவது

பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை உடனே முடுக்காதீர்கள். முதலில் எதிர்த்திசையில், இடப்பக்கமாக, மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ஸ்க்ரூ 'டப்' என்று லேசாக இறங்குவதைக் கையால் உணரலாம். பழைய மறையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் முடுக்குங்கள். இறுகியதும் விட்டுவிடுங்கள், இன்னொரு சுற்றுக்கு ஆசைப்பட்டால் மறை போய்விடும்.

தலை தேய்ந்தே போனால்?

அகலமான ரப்பர் பேண்டை ஸ்க்ரூ தலையின்மேல் விரித்து, அதன்மேல் பிட்டை வைத்து நன்றாக அழுத்தித் திருப்புங்கள். தேய்ந்த பள்ளத்தை ரப்பர் நிரப்பிப் பிடி கொடுக்கும். பசை போட்டு இறுக்கிய ஸ்க்ரூ என்றால், பக்கத்தில் பேட்டரி இல்லாத இடத்தில் மட்டும், சால்டரிங் அயர்ன் நுனியைச் சில நொடிகள் தலையில் வைத்தால் பசை இளகும். என் மவுஸுக்குக் கைகொடுத்தது ரப்பர் பேண்டுதான், அதுவும் ஐந்தாவது முயற்சியில். வெளியே வந்த ஸ்க்ரூவை மறுபடி போடாதீர்கள். அதே நீளத்தில் வேறொன்று போடுங்கள்.