சூரியன் ஏன் வெள்ளைப் பொட்டாக விழுந்தது?

கண்ணுக்கு அத்தனை பெரிதாகத் தெரிந்த அந்திச் சூரியன், என் படங்களில் மட்டும் வெளிறிய சிறு பொட்டாகவே விழுந்தது. காரணம் எளிது: வானில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரிதான். 50 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸில் அது சென்சார்மேல் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லின்மேல்) அரை மில்லிமீட்டர்கூட வராது. 400 மி.மீ. லென்ஸ் போட்டதும் கிட்டத்தட்ட 3.7 மி.மீ. ஆனது. (இந்த லென்ஸோடு ஆப்டிகல் வியூஃபைண்டரில் (லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் கண்துளையில்) கண் வைக்கவே வைக்காதீர்கள், திரையில் பாருங்கள்.)

அப்புறம் வெளிறல். இருண்ட முன்புறத்தைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறைத்தேன். ஆரஞ்சு நிறம் அப்படியே வந்தது, மரங்கள் கரிய நிழலுருவங்களாயின. எனக்கு அதுதான் அழகு!

கை நடுக்கத்துக்கு முக்காலியும் 2 விநாடி டைமரும் போதும். அப்படியும் சூரியனின் விளிம்பு நெளிந்தால், அது அடிவானக் காற்றின் வேலை. லென்ஸை மாற்றிப் பயனில்லை.