கம்பளத்தை யாரிடம் ஒப்படைப்பது?

கம்பளம் சுத்தம் செய்யும் நிறுவனத்தைத் தேடும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது கட்டணத்தைத்தான். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே எதிரில் இருப்பவரின் தொழில்திறன் பாதி தெரிந்துவிடும். கம்பளம் எந்த இழையால் ஆனது, எவ்வளவு பழையது, தரையோடு ஒட்டப்பட்டதா அல்லது சுருட்டி எடுக்கக்கூடியதா, கறை எதனால் ஏற்பட்டது, அதைப் போக்க ஏற்கெனவே எதையாவது ஊற்றித் தேய்த்தீர்களா என்றெல்லாம் விசாரித்த பிறகே தொகையைச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். எதையுமே கேட்காமல், அறைக்கு இவ்வளவு என்று மிகக் குறைந்த தொகையைத் தொலைபேசியிலேயே சொல்லி முடிப்பவர், வீட்டுக்கு வந்தபின் அதை உயர்த்துவதற்கான காரணங்களையும் தயாராக வைத்திருப்பார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை விசாரணை எதற்கு என்றால், ஒரு கம்பளத்துக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றைக் கெடுத்துவிடும். நைலான், பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் ஆகிய செயற்கை இழைகள் வெந்நீரையும் ஓரளவு காரத்தன்மையுள்ள கரைசலையும் தாங்கும். கம்பளியோ புரதத்தால் ஆனது. காரம் மிகுந்த கரைசல் அதன் மென்மையைக் கெடுக்கும், குளோரின் கலந்த வெளுப்பான் இழையையே கரைத்துவிடும். பட்டுப் போலப் பளபளக்கும் விஸ்கோஸ் என்ற இழை இன்னும் சிக்கலானது. நனைந்தால் வலுவிழக்கும், உலர்ந்தபின் விறைத்து, பழுப்பேறி, பழைய பளபளப்புக்குத் திரும்பாமலே போகலாம். மூங்கில் பட்டு, ஆர்ட் சில்க் என்ற பெயர்களில் விற்கப்படுபவற்றில் பல விஸ்கோஸ்தான். ஆகவே உங்களிடம் விஸ்கோஸ் கம்பளம் இல்லாவிட்டாலும், அதை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் தயங்குவார், அபாயத்தைச் சொல்வார், சில சமயம் அந்த வேலையே வேண்டாம் என்பார். தயங்காமல் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்பவரைவிட, முடியாததை முடியாது என்று சொல்பவரே நம்பத்தக்கவர்.

வேலையைத் தொடங்கும் முன் அவர் என்ன செய்கிறார் என்பதையும் அருகில் நின்று கவனியுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில், கரைசலில் நனைத்த வெள்ளைத் துணியைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, அதில் நிறம் ஒட்டுகிறதா என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிவப்பும் கருநீலமும் வெளிர்நிறத்தை அடுத்து வரும் கம்பளத்தில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து, தண்ணீர் படுவதற்கு முன் வேக்குவம் கிளீனரால் உலர்ந்த தூசியை நிதானமாக உறிஞ்சி எடுக்க வேண்டும். கம்பளத்தில் தங்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அதை எடுக்காமல் நனைத்தால் இழைகளின் அடியில் சேறுதான் மிஞ்சும்.

சுத்தம் செய்யும் முறைகளில் பரவலானது, வெந்நீரை அழுத்தத்தோடு செலுத்தி உடனே உறிஞ்சி எடுக்கும் முறை. ஆழமாகப் படிந்த அழுக்குக்கு இது ஏற்றது. குறைந்த ஈரத்தில் பொடியோ நுரையோ கொண்டு செய்யும் முறைகள் இடைக்காலப் பராமரிப்புக்குப் போதுமானவை. வெந்நீர் முறையில் உறிஞ்சும் திறனில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை மணி நேரத்தில் உலரும் என்று கேளுங்கள். நல்ல காற்றோட்டத்தில் 6 முதல் 12 மணி நேரம் என்பது நியாயமான பதில். ஒரு நாளைக் கடந்தும் ஈரமாகவே இருந்தால் வாடை வரும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். அடித்துணி சுருங்கவோ பசை விட்டுப்போகவோ வாய்ப்புண்டு. கரைசலைச் சரியாக அலசி எடுக்காவிட்டால் எஞ்சிய பிசுபிசுப்பு புதிய தூசியை இழுத்துக்கொள்ளும், முன்னைவிட வேகமாக அழுக்கேறும்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, 1972-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டுப் பல நாடுகளில் இயங்கும் ஐஐசிஆர்சி (IICRC) என்ற அமைப்பு இத்துறையினருக்குச் சான்று வழங்குகிறது. நிறுவனத்துக்கு ஒரு சான்று, தொழில்நுட்பப் பணியாளருக்குத் தனிச் சான்று என்பதால், உங்கள் வீட்டுக்கு வரப்போகும் நபரிடம் அது இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. காப்பீட்டிலும் இதே கவனம் தேவை: வீட்டில் உள்ள பிற பொருள்களுக்கான சேதத்தை ஈடுசெய்யும் காப்பீடு, அவர்கள் கையாளும் கம்பளத்துக்கு ஏற்படும் சேதத்தையும் ஈடுசெய்யும் என்பதில்லை. இணைய விமர்சனங்களில் புகழுரைகளைக் கடந்து, குறை சொன்னவர்களுக்கு நிறுவனம் என்ன பதில் அளித்திருக்கிறது என்பதைப் படிப்பதே பயன்தரும்.

கட்டண மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும். அறைக் கணக்கைவிட, அளந்து பார்த்த பரப்பளவுக்குப் போடும் கணக்கே தெளிவானது. மேசை நாற்காலிகளை நகர்த்துவது, படிக்கட்டு, கறைகளுக்கான தனிக் கவனிப்பு ஆகியவை தொகையில் அடங்குமா என்பதும் அதில் இருக்கட்டும். நேரில் பார்த்தபின் கூடுதல் தொகை கேட்பதெல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வளர்ப்புப் பிராணியின் சிறுநீர் அடித்துணியைத் தாண்டி அதன்கீழ் உள்ள மெத்தை வரை இறங்கியிருந்தால், மேலாகக் கழுவுவது வாடையைப் போக்காது. அதற்கு உண்மையிலேயே கூடுதல் வேலை உண்டு. நேர்மையானவர் புற ஊதா விளக்கொளியில் சிறுநீர்த் தடத்தைக் காட்டியோ, ஓரத்தைத் தூக்கிக் காட்டியோ அதை விளக்குவார்.

எல்லாக் கறையும் போய்விடும் என்ற உத்தரவாதம் சந்தேகத்துக்குரியது. வெளுப்பான் பட்ட இடமும் வெயிலில் மங்கிய இடமும் கறைகள் அல்ல. அங்கே நிறமே போய்விட்டது. நடைபாதை போலக் கருத்திருக்கும் தடத்தில் இழையே தேய்ந்திருக்கலாம்.

கம்பளத்தைத் தங்கள் இடத்துக்கு எடுத்துச் செல்வதானால், அங்கே அவர்களே கழுவுகிறார்களா, வேறொருவரிடம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். இரு பக்கங்களையும், குஞ்சங்களையும், ஏற்கெனவே உள்ள கிழிசல்களையும் புகைப்படம் எடுத்து, நீள அகலத்தோடு ரசீதில் எழுதி வாங்குவது இருவருக்குமே பாதுகாப்பு. முழுத் தொகையை முன்கூட்டியே கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். ஈரமான கம்பளம் குறைகளை மறைக்கும். அடியில் தங்கிய கறை உலரும்போது இழை வழியாக மேலேறி மீண்டும் தெரிவதும் உண்டு. ஆகையால், உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பார்த்துக் குறை சொன்னால், எத்தனை நாளுக்குள் கட்டணமின்றித் திரும்ப வந்து சரிசெய்வார்கள் என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.