மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சமூக, உணர்வுக் கற்றல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிகளில் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் சமூக, உணர்வுக் கற்றலுக்கு, அதாவது தம் உணர்வுகளை அறிந்து கையாளவும் பிறரோடு உறவு பேணவும் கற்பதற்கு, துணைநிற்கும் பணிக்குப் புதிதாக வந்தவர்களின் அமர்வுகளை அண்மையில் தொடர்ந்து கவனித்தேன். தொடக்க ஆண்டுகளில் நான் செய்த பிழைகளையே அவர்களும் அதே நல்லெண்ணத்தோடு செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். இரக்கப்பட்டுப் பேசக் கூடாது, குறைபாட்டையே பெயராக்கி அழைக்கக் கூடாது என்பவற்றை அனைவரும் அறிவர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தடையை மனக்குறையாக எண்ணுதல்

செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் குழு விவாதங்களில் வாய் திறப்பதே இல்லை என்று கூறி, அவரைப் பேராசிரியர் ஒருவர் என்னிடம் அனுப்பினார். நான் அதைக் கூச்சம் என்று முடிவுகட்டி, மூச்சுப் பயிற்சி, உரையாடலைத் தொடங்கும் முறை, பதற்றத்தைப் பதிவுசெய்யும் நாட்குறிப்பு என ஆறு வாரங்கள் கற்பித்தேன். அவர் எதையும் மறுக்காமல் செய்தார். ஏழாவது வாரத்தில், "எனக்குப் பயம் இல்லை, சார். யார் பேசுகிறார் என்று கண்டுபிடித்து அவர் பக்கம் திரும்புவதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுகிறார்" என்றார்.

உதட்டசைவைக் கொண்டு பேச்சை அறிபவருக்குப் 'படம்' என்பதும் 'மடம்' என்பதும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டின் முதல் எழுத்தும் இதழ்கள் கூடிப் பிறப்பவை, மூக்கொலியோ கண்ணுக்குத் தெரியாது. எந்தச் சொல் என்பதைப் பேச்சின் போக்கிலிருந்து இடைவிடாமல் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒருவர், எட்டுப் பேர் நீள்வரிசையில் அமர்ந்து ஒரே நேரத்தில் பேசும் அறையில், பதில் சொல்லும் நிலைக்கு வருவதற்கு முன்பே களைத்துப்போகிறார். அந்தக் களைப்பைத்தான் நான் கூச்சமாக எடுத்துக்கொண்டேன்.

வீணானவை ஆறு வாரங்கள் மட்டும் அல்ல. அவ்வளவு காலமும் குறை தன்னிடமே இருப்பதாக அவர் நம்பினார். அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தையும் கைவிட்டார். அனைவரும் வட்டமாக அமர்வது, கையுயர்த்திய பின்பே பேசுவது, விவாதக் குறிப்புகளை முன்னதாக எழுத்தில் தருவது என்னும் மூன்றையும் செய்த பிறகு, இரண்டாவது கூட்டத்திலேயே அவர் பேசினார். "மன உறுதி போதவில்லை" என்று எவரேனும் மாணவர் குறிப்பேட்டில் எழுதியிருப்பதைக் காணும்போது இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, தன் 24ஆவது பிரிவில், உயர்கல்வியிலும் உரிய தகவமைப்புகள், அதாவது மாணவரின் தேவைக்கேற்ற மாற்றங்கள், வழங்கப்பட வேண்டும் என்கிறது. அவை மறுக்கப்படும்போது எழும் கோபம், அடக்கக் கற்பிக்க வேண்டிய ஒன்று அன்று. தனக்கு எது தேவை, ஏன் தேவை, மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைத் தெளிவாக எடுத்துரைக்கப் பழக்குவதே நம் வேலை. அதையும் அந்த வகுப்பறையில் ஒருமுறையாவது அமர்ந்து பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

கண்ணைப் பார்த்துப் பேசுமாறு வற்புறுத்துதல்

ஆட்டிசம் உள்ளவர்களில் பலர், பார்வையை விலக்கிக்கொண்டால்தான் பேச்சைக் கவனிக்க முடிகிறது என்கின்றனர். தாமும் ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரிந்துகொள்ளாமை ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு தரப்பிலும் இருப்பதை 2012இல் எடுத்துக்காட்டினார். எனவே பயிற்சியில் சக மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பாடங்களை அப்படியே எடுத்தாளுதல்

தன்னை அறிதல், தன்னை நெறிப்படுத்துதல், பிறரை உணர்தல், உறவு பேணல், பொறுப்புடன் முடிவெடுத்தல் என்னும் ஐந்து கூறுகளைப் பரவலாக்கிய அமெரிக்க அமைப்பான காசெல், 1994இல் பள்ளிப் பிள்ளைகளை முன்னிறுத்தித் தொடங்கப்பட்டது. கூறுகள் கல்லூரிக்கும் பொருந்தும். சிரித்த முகமும் அழுத முகமும் வரைந்த அட்டைகள் பொருந்தா. வேலைக்கான நேர்முகத் தேர்வில் தன் குறைபாட்டைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பது இருபது வயதினருக்கு உண்மையான முடிவெடுக்கும் பயிற்சி.

சைகைமொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசுதல்

மாணவரைப் பார்த்துப் பேசுங்கள்.

இசைவின்றி வெளிப்படுத்துதல்

பேராசிரியரிடம்கூட, மாணவரின் குறைபாடு பற்றி அவர் இசைந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.