உடை ஒத்திகை நடத்துவது எப்படி? முதன்முறை சிறுவர் நாடகம் போடும் ஆசிரியர்களுக்கு

வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது. பாட்டு தாளத்தில் நிற்கிறது. யார் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதும் பிள்ளைகளுக்கு அத்துப்படி. இனி மேடை ஏற்றிவிட வேண்டியதுதான் என்று ஆசிரியர் நிம்மதிப் பெருமூச்சு விடும் இந்த இடத்தில்தான் பள்ளி நாடகங்கள் சறுக்குகின்றன. நடிப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனால் முயலின் காது சாய்ந்து கண்ணை மறைக்கும், சிங்கத்தின் வாலை மான் மிதிக்கும், முகமூடிக்குள் எழுந்த கர்ஜனை மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்காது. இந்த விபத்துகளையெல்லாம் விழாவுக்கு முன்பே ஒருமுறை நடக்கவிட்டுப் பார்ப்பதற்குத்தான் உடை ஒத்திகை.

உடை, ஒப்பனை, விளக்கு, ஒலி, மேடைப் பொருள்கள் எல்லாம் விழா நாளில் இருப்பதுபோலவே இருக்க, நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓட்டுவதே இது. அன்று நடிப்பைத் திருத்தக் கூடாது. அந்த வேலைக்கான நாள் கடந்துவிட்டது. கீழே சொல்லியிருப்பவற்றில் பாதி, ஆசிரியர் எப்படி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பதைப் பற்றியதுதான்.

விளக்கத்துக்கு எல்லோரும் அறிந்த கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் குதிக்க வைத்த முயல். நடிப்பவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், பார்ப்பவர்கள் எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரை. நாடகம் நாற்பது நிமிடம். சின்னப் பிள்ளைகள் அதற்கு மேல் உட்கார மாட்டார்கள். உட்கார வைக்கவும் வேண்டாம்.

1. நாளும் நேரமும்

விழாவுக்கு முந்தைய நாள் உடை ஒத்திகை வைப்பது பரவலான வழக்கம். எனக்கு அது பிடிக்காது. கிழிந்ததைத் தைக்கவும் உடைந்ததை ஒட்டவும் நடுவில் ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வையுங்கள். விழா காலை பத்து மணிக்கு என்றால் ஒத்திகையும் காலை பத்து மணிக்கே நடக்கட்டும். மாலையில் இருட்டிய பிறகு ஒத்திகை பார்த்துவிட்டு, 'நீல விளக்கில் காடு எவ்வளவு அழகு' என்று மகிழ்ந்து போனால், காலை வெயில் ஜன்னல் வழியே அடிக்கும்போது அந்த நீலம் இருந்த இடமே தெரியாது.

நாற்பது நிமிட நாடகத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உடையும் ஒப்பனையும் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். உடைகளைப் பார்வையிட இருபது நிமிடம், விளக்கு, ஒலிக் குறிப்புகளைச் சரிபார்க்க அரை மணி, ஓட்டம் நாற்பது நிமிடம், கடைசியில் பேச்சுக்குக் கால் மணி. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் கம்பெனியிலும் நடித்தவர்கள் சிறுவர்கள்தான். ஆனால் அவர்கள் கம்பெனியோடே தங்கி, நாடகமே வேலையாக இருந்தவர்கள். நம் பிள்ளைகளோ ஐந்தரை மணிக்குக் கணக்கு டியூஷனுக்குப் போக வேண்டியவர்கள். நேரத்தை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

2. பைகளும் மேசையும்

ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு துணிப்பை. அதன் மேல் பாத்திரத்தின் பெயர், உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்ற சீட்டு. 'முயல்: காதுப் பட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வால், வெள்ளைக் காலுறை' என்பதுபோல. உடையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அம்மா ஆசையாகத் துவைத்து, வேறு துணியின் சாயம் ஏறி, விழாவன்று முயல் இளஞ்சிவப்பாக வந்து நிற்கும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் பழைய காலண்டர் தாளை விரித்து ஒட்டுங்கள். கேரட், குரங்கின் கோல், ஓலைச்சுவடி என்று ஒவ்வொரு பொருளையும் அதில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு வரைந்து, பெயரையும் எழுதிவிடுங்கள். நாடகம் தொடங்குமுன் ஒரு பார்வை போதும். எந்தக் கோட்டுக்குள் வெறுமையாக இருக்கிறதோ அந்தப் பொருள் காணவில்லை என்று பொருள். எடுத்தவரே திரும்ப வைக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, ஆசிரியர் உட்பட.

அவசரப் பெட்டி ஒன்றும் வேண்டும். ஊக்கு, ஊசி, கறுப்பு வெள்ளை நூல், எலாஸ்டிக், இரு பக்கமும் ஒட்டும் டேப், கத்தரி, ஈரத் துண்டு. நடிக்காத, பதற்றப்படாத மாணவி ஒருத்தியிடம் அதை ஒப்படைத்துவிடுங்கள்.

3. உடையைச் சோதித்தல்

எல்லோரும் உடை உடுத்தி, மேடை விளக்கின் கீழ் ஒவ்வொருவராக வந்து நிற்கட்டும். நீங்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுங்கள். பழுப்பு நிற மான் பழுப்புப் படுதாவுக்கு முன்னால் நின்றால் தலை மட்டும் மிதக்கும். கழுத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டினால் சரியாகிவிடும். நிற்பதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். குதிக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். அக்குளில் தையல் விடுகிறதா என்பது அப்போது தெரியும்.

வால் தனிக் கவனம் கேட்கும் பொருள். தையல்காரர் சிங்கத்தின் வாலைத் தரையில் புரளும் நீளத்துக்குத் தைத்துத் தருவார். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் முயலும் சிங்கமும் கிணற்றைச் சுற்றி வரும் காட்சியில், பின்னால் வரும் முயல் அதை மிதிக்கும்; சிங்கம் நடையைத் தொடரும்; வால் கால்சட்டையோடு இறங்கும். நுனி கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி வெட்டுங்கள். கால்சட்டையில் தைக்காமல், இடுப்பில் கட்டும் தனிப் பெல்ட்டில் தைத்துக்கொண்டால் மிதிபட்டாலும் மானம் போகாது.

முழு முகமூடி வேண்டாம் என்பது என் கட்சி. நெற்றி முதல் மூக்குவரை மறைக்கும் பாதி முகமூடி போதும். வாய் திறந்திருக்கும், குரல் வெளியே வரும், மூச்சும் விடலாம். பஞ்சும் ஸ்பாஞ்சும் வைத்துத் தைத்த உடைக்குள் இருக்கும் பையனுக்கு நம் ஊர் வெயிலில் அது பெரிய விஷயம். மேடையை விட்டு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

முகத்தில் போஸ்டர் கலர் பூசாதீர்கள். அது தாளுக்கான சாயம். முகத்துக்கென்று விற்கும் ஒப்பனைச் சாயத்தையே வாங்கி, முந்தைய நாள் முழங்கையின் உட்புறம் சிறிது தடவிப் பாருங்கள். அரித்தால் அந்தப் பிள்ளைக்குச் சாயமே வேண்டாம். மீசைக்குக் கண்மை போதும். கலைக்கும்போது தேங்காய் எண்ணெயைத் தடவிப் பஞ்சால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு.

4. விளக்கும் ஒலியும்

வசனத்தை முழுவதும் பேசாமல், விளக்கோ ஒலியோ மாறும் இடங்களை மட்டும் தாவித் தாவிப் பாருங்கள். அந்த இடத்துக்கு முந்தைய வரி, மாற்றம், அடுத்த வரி. அவ்வளவுதான்; அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

கிணற்றுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு என்பது அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அரைவட்டமாக வளைத்து, மூங்கில் சட்டத்தில் கட்டிய முன்பக்கம் மட்டுமே. பின்னால் உடற்பயிற்சி மெத்தை. சிங்கம் எம்பிக் குதித்து மெத்தையில் விழுந்து, பக்கத் தட்டிக்குப் பின்னால் தவழ்ந்து போய்விடும். 'தொபுக்கடீர்' என்ற ஓசை எப்போது வர வேண்டும்? 'இதோ வருகிறேன்' என்ற வசனம் முடிந்ததும் என்று எழுதி வைத்தால் கெட்டது காரியம். சிங்கம் குதிக்கத் தயங்கினால் ஓசை முந்திக்கொள்ளும். குதிப்பதற்கு முன்பே தண்ணீர் தெறித்துவிடும். சிங்கத்தின் கால் தரையை விட்டு எழும்பும் கணமே குறிப்பாக இருக்கட்டும். ஒலிப்பெட்டி அருகில் இருக்கும் மாணவனுக்கு அந்த இடம் தெரியாவிட்டால், பக்கவாட்டில் நிற்கும் குரங்கு கையைத் தூக்கட்டும்.

கிணற்றிலிருந்து திரும்பும் கர்ஜனைக்கும் இதே கவனம் தேவை. மெத்தையருகே ஒளிந்திருக்கும் இன்னொரு மாணவன் எதிரொலி கொடுப்பான். சிங்கம் முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகே அவன் தொடங்க வேண்டும்; ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரண்டும் கேட்காது.

காட்சி மாற்றத்துக்கு அரங்கை முழு இருட்டாக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் பயத்தில் அலறுவார்கள், அல்லது குஷியில் அலறுவார்கள்; எப்படியானாலும் அந்தச் சத்தம் அடங்க நேரம் பிடிக்கும். பார்வையாளர் பக்கம் ஒரு குழல் விளக்காவது எரியட்டும். மேடை விளக்குகள் படுதாவையோ காகித மரத்தையோ தொடாத தூரத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே போய்ப் பாருங்கள். சூடேறும் விளக்கு என்றால் இன்னும் தள்ளி வையுங்கள்.

5. இருபது குழந்தைகளைக் கூட்டி வாருங்கள்

இதைத்தான் பலர் செய்வதில்லை. தலைமையாசிரியரையும் சக ஆசிரியர்களையும் உட்கார வைப்பார்கள். அவர்கள் கைகட்டிப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அப்படிப் பார்க்க மாட்டார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து இருபது பேரை அழைத்து வந்து முதல் இரண்டு வரிசையில் உட்கார வையுங்கள்.

சிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்து, "யாரடா அங்கே?" என்று கேட்கும். அடுத்த நொடியே, "அது நீதான்!" "உன் நிழல்!" "குதிக்காதே!" என்று இருபது குரலும் எழும். இதை எதிர்பார்க்காத சிங்கம் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உங்களைப் பார்க்கும். குழந்தைகளை 'உஷ்' என்று அடக்க நினைக்காதீர்கள். அவர்கள் கதைக்குள் வந்துவிட்டார்கள் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? குழந்தைகளுக்காக நாடகம் போடும் புதுச்சேரி வேலு சரவணனின் நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே குழந்தைகளின் கூச்சலும் சேர்ந்ததுதான் நாடகம்.

சிங்கத்துக்கு இரண்டே உத்திகளைக் கற்றுக் கொடுங்கள். ஒன்று, கத்தல் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்வரை வாயைத் திறக்காமல், முகத்தால் மட்டும் நடிப்பது. இரண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு நம்ப மறுப்பது. "என்னது, நானா? நான் இங்கே அல்லவா இருக்கிறேன்!" என்று சிங்கம் திரும்பிக் கேட்டால் அரங்கு அதிரும். தனக்குத் தெரிந்தது காட்டு ராஜாவுக்குத் தெரியவில்லை என்பதில் ஏழு வயதுக்கு எவ்வளவு கொண்டாட்டம்!

தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல ஒரு பாத்திரம் உங்கள் நாடகத்தில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பார்வையாளரோடு பேசவும், கேலி செய்யவும், கதைக்குத் திரும்ப இழுத்து வரவும் அவனுக்கு உரிமை உண்டு. வாயாடிப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தில் போடுங்கள்.

முதல் கர்ஜனையின்போது மேடையைப் பார்க்காதீர்கள். குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள். யாராவது அழுதால் சிங்கம் முன்வரிசைக்கு மிக நெருங்கிவிட்டது. இரண்டு அடி பின்னுக்கு நிறுத்தி, கர்ஜனைக்குப் பிறகு ஒரு கொட்டாவியோ தும்மலோ சேர்த்துவிட்டால் பயம் சிரிப்பாகிவிடும்.

6. நிறுத்தாத ஓட்டம்

குறிப்பேட்டையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு நடு வரிசையில் உட்காருங்கள். இனி, யாராவது விழுந்தாலோ ஏதாவது சரிந்தாலோ மின்கம்பி பொறி விட்டாலோ தவிர நிறுத்தக் கூடாது. வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் சமாளிப்பாரா என்பதை இன்று பார்க்காமல் என்றைக்குப் பார்ப்பது? முயலின் காது கழன்றால் கழலட்டும். குனிந்து எடுத்து, "பசியில் காதுகூட நிற்க மாட்டேன் என்கிறது" என்று சொல்லிவிட்டு அவன் நடித்துக்கொண்டே போனால், அந்த வரியை அப்படியே நாடகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பை மூன்று சொல்லுக்குள் எழுதுங்கள்: 'மான், மைக் உரசல்', 'கிணறு ஆடுகிறது', 'பாட்டு 2 சத்தம்'. நீளமாக எழுதக் குனிந்தால் அடுத்த தவறு கண்ணில் படாது. ஒவ்வொரு காட்சியும் தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிட நாடகம் ஐம்பதைத் தொட்டால், பெரும்பாலும் நேரம் கரைவது பொருள்களை மாற்றும் இடைவெளிகளில்தான். வசனத்தை வெட்டாதீர்கள், கிணற்றைத் தூக்க இன்னும் ஓர் ஆளைப் போடுங்கள்.

கடைசியில் வணங்குவதையும் சேர்த்து ஓட்டுங்கள். அதை விட்டுவிட்டால் விழாவன்று யார் நடுவில் நிற்பது என்று மேடையிலேயே தள்ளுமுள்ளு நடக்கும்.

7. பேச்சு

முதலில் சிங்கத்தின் உடையைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்காருங்கள். ஒரே நாளில் மாற்றக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். "உனக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை" என்று இப்போது சொன்னால் அந்தப் பிள்ளை இரவெல்லாம் தூங்காது. விழாவன்று உணர்ச்சியும் வராது, வசனமும் வராது. ஓர் ஆளுக்கு இரண்டு குறிப்புக்கு மேல் வேண்டாம். விளக்கு, ஒலி, பொருள் பொறுப்பாளர்களிடம் நடிகர்களுக்கு முன்பே பேசுங்கள். அவர்களுடைய வேலைதான் அதிகம் மாறப் போகிறது.

பிறகு சறுக்கிய இடங்களை மட்டும், தலா இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளுங்கள். முழு நாடகத்தையும் இன்னொரு முறை ஓட்டும் ஆசை வரும். விட்டுவிடுங்கள், தொண்டை கட்டிவிடும்.

பைகளைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து அலமாரியில் பூட்டுங்கள். மறுநாள் உங்களுக்கு இருப்பது தையல், ஒட்டு, எலாஸ்டிக் வேலைகள் மட்டும். அத்தோடு விழாவன்று காலையில் அரங்கைத் திறப்பவர் யார், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் கேட்பது என்பதையும் இன்றே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.