நெஞ்சுத் தையலில் உறிஞ்சு கருவியுடன் வீடு திரும்புபவரைப் பராமரிக்கும் முறை

இருதய சத்திரசிகிச்சைக்காகப் பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் பிணைத்துத் தோலையும் தைத்து முடித்த கையோடு, சிலருக்குத் தையலின் மேல் பஞ்சுப் பட்டை ஒன்றை வைத்து, ஒட்டுப்படலத்தால் மூடி, மெல்லிய குழாயினால் சிறிய உறிஞ்சு கருவியுடன் இணைத்துவிடுவார்கள். கருவி பொதுவாக 125 மில்லிமீற்றர் இரச அளவில் எதிர்மறை அழுத்தத்தை இடையறாது கொடுப்பதால், தையலின் இரு விளிம்புகளும் விலகாமல் நெருங்கி நிற்கின்றன. கசியும் நீர் சேகரிப்புக் கலத்துக்குப் போய்விடுகிறது. வெளிக்கிருமி நுழைய வழி குறைகிறது. எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. நீரிழிவு, மிகையான உடற்பருமன், புகைத்தல், நாட்பட்ட சுவாச நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு நெஞ்சுக் காயத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், பெரும்பாலும் அவர்களுக்கே இதைப் போடுகிறார்கள்.

வீட்டில் பார்ப்பவர் முதலில் பழக வேண்டியது பஞ்சின் தோற்றத்தை. உறிஞ்சல் சரியாக நடந்தால் பஞ்சு முந்திரிகை வற்றலைப்போலச் சுருங்கி, படலத்தின் மேலாகத் தொடும்போது இறுக்கமாக இருக்கும். அது உப்பி மெத்தென்று ஆகிவிட்டாலோ, படலத்தின் ஓரத்தில் மெல்லிய சீறல் கேட்டாலோ, எங்கோ காற்றுப் புகுகிறது என்று பொருள். அந்த ஓரத்தை விரலால் நீவி அழுத்துங்கள். அடங்காவிட்டால் தாதி கொடுத்தனுப்பிய மேலதிக ஒட்டுப்பட்டையை அதன் மேல் ஒட்டுங்கள். காயம் ஆறுகிறதா என்று படலத்தைக் கிளப்பிப் பார்க்கும் ஆவல் உறவினர் எல்லோருக்கும் வரும்; அதற்கு இடங்கொடுக்கவே கூடாது.

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் படலத்துக்குப் பெரும் எதிரி வியர்வைதான். நோயாளியைக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்து, சுற்றியுள்ள தோலை உலர்ந்த துவாயால் ஒற்றியெடுங்கள். பவுடரும் எண்ணெயும் ஒட்டுத்தன்மையைக் கெடுக்கும். நெஞ்சில் திருநீறு பூசும் வழக்கமுள்ளவர்கள் இந்த நாட்களில் நெற்றியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கருவி மின்கலத்தில் இயங்கும். மின்னேற்ற வேண்டிய வகையாயின், மின்தடை வருமுன்பே ஏற்றி வையுங்கள். எச்சரிக்கை ஒலி எழுந்தால் குழாய் மடங்கியிருக்கிறதா, சேகரிப்புக் கலம் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். உறிஞ்சல் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், ஈரம் தேங்கிய கட்டு காயத்துக்குத் தீங்காகும். உடனே வைத்தியசாலை விடுதிக்குத் தெரிவியுங்கள்.

குழாயில் வருவது தெளிந்த நீராகவோ இளஞ்சிவப்பாகவோ சிறிதளவில் இருக்கலாம். கடுஞ்சிவப்பு இரத்தம் திடீரென ஓடத் தொடங்கினால் கருவியை நிறுத்தி, 1990 என்ற எண்ணுக்கு அழைத்து நோயாளிகாவு வண்டியை வரவழையுங்கள். இருதய வால்வு மாற்றிய பின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்தை எடுப்பவர்களிடம் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், இருமும்போது நெஞ்செலும்பு அசைந்து சொடுக்குவது போன்ற உணர்வு ஆகியவற்றுக்கும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

வழமையாக 5 முதல் 7 நாட்களில் தாதி கட்டை அகற்றிவிடுவார். ஆனால் எலும்பு பொருந்த 6 முதல் 8 வாரங்களாவது எடுக்கும் என்பதால், இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. தையல் ஆறிவிட்டதே என்று கிணற்றடிக்குப் போய் வாளியை இழுப்பவர்கள் உண்டு. 10 லீற்றர் தண்ணீர் 10 கிலோ எடை. வைத்தியர்கள் வழக்கமாக அனுமதிப்பதோ ஏறத்தாழ 5 கிலோ மட்டுமே. அதுவரை வேறொருவர் அள்ளிக் கொடுக்கட்டும்.