ழகரம் வராத பிள்ளைக்கு முதலில் காதைப் பழக்குங்கள்

கோலாலம்பூரில் வீட்டில் ஆங்கிலமும் பாலர் பள்ளியில் மலாயும் பேசி வளர்ந்த பிள்ளை, 7 வயதில் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் சேர்ந்ததும் 'வலி', 'வளி', 'வழி' மூன்றையும் ஒன்றுபோல் ஒலிப்பதைக் கேட்டுப் பெற்றோர் கலங்குகின்றனர். பெரும்பாலும் இது நாக்கின் குறையன்று. மலாயிலும் ஆங்கிலத்திலும் ல, ள, ழ என்ற வேறுபாடு இல்லாததால், பிள்ளையின் காது மூன்றையும் ஒன்றாகவே பதிவு செய்கிறது.

ஆகவே காதிலிருந்து தொடங்குங்கள். புலி, புளி ஆகியவற்றின் படங்களை மேசையில் வைத்து, உங்கள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்லி, உரிய படத்தைத் தொடச் சொல்லுங்கள். 10 முறையில் 9 முறை சரியாகத் தொடும்வரை பிள்ளையைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். பிறகு 'குளி', 'குழி' எனத் தொடரலாம். நாளுக்கு 5 நிமிடம் போதும்.

அடுத்தது நாக்கு. லகரத்துக்கு நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு அது மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் அதே வளைவுதான் என்றாலும், அண்ணத்தைத் தொடாமல் அருகில் நிற்க வேண்டும். "நாக்கை மடி" என்று மட்டும் சொல்லி, "தொடாதே" என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் பல பிள்ளைகளிடம் ழகரம் ளகரமாகிவிடுகிறது. 'ஆ' என்று நீட்டி ஒலித்தபடியே, குரலை நிறுத்தாமல் நுனிநாக்கை மெல்லப் பின்னோக்கி வளைத்தால் 'ஆழ்' பிறக்கும். அமெரிக்கக் கார்ட்டூன்களில் 'கார்' என்னும் சொல்லின் இறுதியில் கேட்கும் ரகரம் இதற்கு நெருக்கமானது. அதைப் பாவனை செய்யத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. பின்னர் 'யாழ்', 'பழம்' என நகர்ந்து, ழகரமும் லகரமும் ஒரே சொல்லில் வரும் 'வாழையிலை'க்கு வாருங்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி உணவகத்தில் அதைப் பிள்ளையே கேட்டு வாங்கட்டும்.

வீட்டுப் பெரியவர்கள் 'வாளப்பளம்' என்று பேசிக்கொண்டே பிள்ளையைத் திருத்துவது நியாயமன்று. முதலில் நம் ஒலிப்பைச் சரிசெய்துகொள்வோம். தவறாகச் சொன்னால் கண்டிக்காமல், அச்சொல்லைச் சரியாக ஒலித்து உங்கள் பதிலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை அதிகம் பேசும் மொழியிலும் ஒலிகள் தெளிவில்லாமல், 4 வயதுக்குப் பின்னும் வெளியாருக்குப் பேச்சு விளங்கவில்லையானால், செவித்திறனைச் சோதித்துவிட்டுப் பேச்சுச் சிகிச்சையாளரை நாடுங்கள். இரண்டு மொழிகள் பேசுவதால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை என்பதால், எந்த மொழியையும் நிறுத்த வேண்டியதில்லை. செல்லும்போது, ஒவ்வொரு மொழியிலும் பிள்ளை தவறாக ஒலிக்கும் 10 சொற்களைக் கேட்டபடியே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.