சிலிண்டருக்கு இரண்டு சங்கிலி

டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாள நிலநடுக்கம் இங்கேயும் உலுக்கியது. எங்கள் கட்டடத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. ஆனால் ஸ்டோரில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் அடுத்த நிலநடுக்கத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிக் கருவிகளை இறுக்கிக் கட்டி வையுங்கள். சிலிண்டரிலிருந்தே தொடங்குங்கள். நடுவில் மட்டும் சங்கிலி போட்டால் அடிப்பகுதி நழுவி வெளியே வந்துவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று, தொய்வில்லாமல் கட்டுங்கள். சங்கிலி மாட்டும் கொக்கி சுவரின் சிமென்ட் பூச்சில் மட்டும் நின்றால் பயனில்லை. பூச்சைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். மாட்டியதும் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். நான் தொங்கியே பார்ப்பேன், நர்ஸ்கள் சிரிப்பார்கள்.

அப்புறம் ஜெனரேட்டர். எல்லோரும் எஞ்சினைப் பார்ப்பார்கள், பக்கத்தில் சும்மா வைத்த பேட்டரியை யாரும் கவனிப்பதில்லை. அது கவிழ்ந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பட்டை போட்டு ஸ்டாண்டோடு இறுக்குங்கள். எஞ்சின் ஸ்பிரிங் மேல் நின்றால் நான்கு பக்கமும் இரும்புத் தடுப்பு வேண்டும். டீசல் குழாய் வளையக்கூடியதாக இருக்கட்டும்.

வார்டில் மானிட்டருக்குப் பட்டை, டிராலிக்கு பிரேக். சரி, அது எளிது.

கடைசியாகத் தண்ணீர்க் குழாய். 1994இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ ஆஸ்பத்திரிக் கட்டடம் உறுதியாக நின்றது. உடைந்த குழாய்த் தண்ணீரால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கூரையடிக் குழாய்களுக்குக் குறுக்குத் தாங்கி போடுங்கள். மூடும் வால்வு எங்கே என்று நைட் டியூட்டி ஆளுக்கும் காட்டி வையுங்கள்.